‘மாட்டேன்’ என்பதற்குக் கட்டம் எங்கே?

உங்கள் கணவர் குடிப்பாரா? குடித்துவிட்டு அடிப்பாரா? செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? ஒன்று முதல் ஐந்துவரை ஓர் எண் சொல்லுங்கள்.

உளவியல், சமூகப்பணி ஆய்வுகளின் வினாநிரல்களில் சாதாரணமாக இடம்பெறும் கேள்விகள் இவை. வெள்ளிமலையில் ஒரு பெண்ணிடம் இவற்றைக் கேட்கும்போது திண்ணையில் மாமியார் இருப்பார்; ஆய்வாளரை அழைத்துவந்த ஊர்ப் பெரியவரும் நிற்பார். அவள் பதில் சொல்கிறாள். ஆய்வாளர் பேருந்தைப் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவிடுகிறார். சொன்ன பதிலோடு அந்த இரவைக் கழிக்க வேண்டியவள் அவள்தான்.

ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைத்தாளே என்பார்கள். அந்த ஒப்புதலைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். மாட்டேன் என்று சொல்ல முடியாதவள் சொல்லும் ‘சரி’க்கு என்ன பொருள்? கல்வராயன் மலை 1976வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்த மலையாளிப் பழங்குடிகளின் பேத்திகள் இவர்கள். ஜாகீர்தார் போனபின் வனத்துறை வந்தது, காவல்துறை வந்தது. பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வாசல் வாசலாக நிற்கிற ஒருத்தி, கையில் தாளோடு வரும் யாரையும் அதிகாரியாகத்தான் பார்ப்பாள். பதில் சொல்லாவிட்டால் ரேஷன் நின்றுவிடுமோ, நூறு நாள் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வைக்கும் கைநாட்டு ஒப்புதல் ஆகாது.

இதற்கு நம் மாநிலத்திலேயே பழைய முன்கதை உண்டு. 1901–02இல் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் உளவியலாளர் நீலகிரித் தோடர்களின் பார்வையையும் நிறமறியும் திறனையும் வலியுணர்வையும் சோதித்தார். சடங்குகளையும் கேட்டு எழுதினார். புனித இடங்களைக் காட்டிய ஒருவர் நோயில் விழுந்தார். சடங்கு செய்யும் முறையைக் காட்டிய இன்னொருவரின் மனைவி சில நாளில் இறந்தார். புனிதப் பால்மனையின் சடங்குகளைச் சொன்னவருடைய ஊர்ப் பால்மனை எரிந்தது. அந்நியரிடம் இரகசியம் சொன்னதால் தெய்வம் கோபித்தது என்றார்கள் குறிசொல்பவர்கள். தகவல் சொல்ல வந்தவர்கள் குறைந்துபோனார்கள். இதையெல்லாம் 1906இல் வெளிவந்த தன் நூலில் எழுதியவர் ரிவர்ஸேதான். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் தோடர்களின் மௌனம் அவருக்குத் தகவல் வற்றியதாகப் பட்டது. எனக்கு அது ‘மாட்டேன்’ என்று கேட்கிறது. ஆய்வு அந்தப் பெண்ணைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. அவள் சாவுக்கான பழியை அவள் கணவன் தலையில் சுமத்திவிட்டு நூல் அச்சேறியது என்கிறேன்.

நூறாண்டு கழித்தும் நிலைமை மாறிவிடவில்லை. 2009–10இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுக்குப் பழங்குடிச் சிறுமிகள் உட்படுத்தப்பட்டார்கள். பெற்றோர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அது மருத்துவ ஆய்வு. ஊசி போட்ட தடம் கையில் தெரியும். மனத்தை ஆய்வு செய்தால் தடமே தெரியாது. அதனால்தான் உண்டு உறைவிடப் பள்ளியில் தலைமையாசிரியரின் ஒரு வார்த்தையோடு வகுப்பு முழுவதற்கும் நுண்ணறிவுச் சோதனைத் தாளைக் கொடுப்பது யாருக்கும் உறுத்துவதில்லை. சமவெளிப் பாடநூல் தமிழில் கேட்ட கேள்விக்கு மலைச் சிறுமி திணறினால் ‘மந்தம்’ என்ற முத்திரை விழுகிறது. ஆய்வாளருக்குப் பட்டம் கிடைக்கிறது. முத்திரை மலையிலேயே தங்கிவிடுகிறது. 2024இல் கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு மலை முழுவதன் மேலும் ‘சாராய மலை’ என்ற பழி எவ்வளவு எளிதாகப் படிந்தது என்று பார்த்தோமே.

பெண்கள் பேசாவிட்டால் அவர்கள் துயரம் எப்படி வெளியே தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆய்வே வேண்டாம் என்பது என் வாதமும் இல்லை. குடும்ப வன்முறை பற்றிக் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2001இலேயே நெறிமுறை வகுத்தது. நம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு அந்தக் கேள்விகளை வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமை வாய்த்தால் மட்டும் கேட்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகளின்படி ஊர்த் தலைவரின் அனுமதி தனிமனிதரின் ஒப்புதலுக்கு மாற்றாகாது. அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயுள்ளவர்களிடம் நேர்காணல் மட்டும் நடத்தும் ஆய்வுக்கும் அவர்களின் சொந்த ஒப்புதலைக் கேட்கிறது. ஒப்புக்கொண்டவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விதி இருக்கிறது. முதுகலை மாணவியின் கையில் வினாநிரலைத் திணித்து மலைக்கு அனுப்பும் துறைகள் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

களத்துக்குப் போகும் மாணவிகளுக்குச் சொல்கிறேன். நாம் அவளைத் ‘தகவலாளி’ என்கிறோம், உளவியல் துறை ‘மாதிரி’ என்கிறது. இரண்டிலும் அவள் இல்லை. அவளைத் தனியாகச் சந்தியுங்கள். பதில் சொல்லாவிட்டாலும் ரேஷனுக்கும் வேலைக்கும் ஒன்றும் ஆகாது என்று அவள் பேச்சுமொழியில் சொல்லுங்கள். அழுதால் பேனாவை மூடுங்கள். அடுத்து யாரிடம் உதவி கேட்கலாம் என்று சொல்லாமல் எழுந்து வராதீர்கள். எழுதியதை ஆய்வேடாகக் கட்டுவதற்கு முன் திரும்பிப் போய் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

வினாநிரலின் முதல் வரியிலேயே ‘மாட்டேன்’ என்று ஒரு கட்டம் போடுங்கள். எத்தனை பேர் அதைத் தேர்ந்தார்கள் என்பதையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். நூறு பேரில் ஒருத்திகூட அதைத் தொடவில்லை என்றால் வெற்றி என்று மகிழாதீர்கள். உங்களைப் பார்த்து அவர்கள் பயந்திருக்கிறார்கள்.