மாதிரித் தேர்வு வேண்டாம், மாலையில் ஒரு மணி நேரம் கொடுங்கள்

திருப்பருத்திக்குன்றம் ஊர்ப் பெரியோருக்கும், தறி வைத்திருக்கும் குடும்பங்களுக்கும், கல்லூரிக்குப் போய்வரும் தம்பி தங்கைகளுக்கும் மூன்றாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் பிள்ளைகள் படிக்கிற பெற்றோர் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க 3, 5, 8 ஆகிய வகுப்புகளுக்கு மாநில அடைவுத் தேர்வு நடந்தது. 'ஸ்லாஸ்' என்ற அதன் சுருக்கப் பெயர் காதில் விழுந்ததிலிருந்து வீடுகளில் ஒரு பதற்றம். மாதிரி வினாத்தாளை ஜெராக்ஸ் எடுக்கிறோம், வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் பிள்ளையிடம் நீட்டுகிறோம், விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கப் பழக்குகிறோம்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கே பொதுத்தேர்வு என்று அரசாணை வந்ததை யாரும் மறக்கவில்லை. பெற்றோரும் ஆசிரியர்களும் எதிர்த்த பிறகு 2020 பிப்ரவரி 4 அன்று அது ரத்தானது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் 5, 8 வகுப்புகளில் பிள்ளைகளை நிறுத்திவைக்கலாம் என்று விதியை மாற்றியபோது மறுபடியும் வயிற்றைக் கலக்கியது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்றே சொல்கிறது. அடைவுத் தேர்வு வேறு, பொதுத்தேர்வு வேறு. இதில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. எந்த ஊரில் பிள்ளைகளுக்கு எது வரவில்லை என்று அரசு பார்க்கிற கணக்கு இது. இனி இந்தத் தேர்வு வரும்போது, தடுமாறுகிற பிள்ளையை அன்றைக்கு மட்டும் வீட்டில் நிறுத்திக்கொண்டால், அந்தப் பிள்ளைக்கு வரவேண்டிய உதவியைத்தான் நாம் தடுக்கிறோம். தயவுசெய்து எல்லாரையும் அனுப்புங்கள்.

எது வரவில்லை என்று எங்களுக்கே தெரியும். எங்களில் ஒருவர் வீட்டில் ஐந்தாம் வகுப்புப் பெண் பாடத்தை வாசித்தாள். ஒவ்வொரு எழுத்தும் சரி. கூட்டிக் கூட்டிப் பத்தியின் கடைசி வரிக்கு வந்ததும், "சந்தைக்குப் போனது யாரும்மா?" என்று கேட்டோம். விழித்தாள், மறுபடி முதல் வரிக்குப் போய் விரலை வைத்தாள். அதே பெண் தறியோரம் நின்றபடியே புட்டாவில் இழை விட்டுப்போன இடத்தைக் காட்டிவிடுவாள். புத்திக்கு அவளிடம் குறையில்லை. அவள் வாசிப்பதை உட்கார்ந்து கேட்க வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான். வட்டத்தைக் கறுப்பாக்கும் பயிற்சி இதை எந்தக் காலத்திலும் சரிசெய்யாது.

தறி வைத்திருப்பவர்களிடம் மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. காஞ்சிப் பட்டுக்குக் கோர்வை போட நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பிள்ளைகளைத்தான் உட்கார்த்தினோம். அப்படிப் பள்ளியை விட்டவர்கள் இன்றைக்கு இந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள். அந்த நிலைமையை மாற்ற ஆட்கள் வீடு வீடாக வந்து பேச வேண்டியிருந்தது, சிறப்புப் பள்ளிகள் திறக்க வேண்டியிருந்தது. 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமோ பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று இடம் விட்டிருக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்றுதான் கேட்கிறோம். முகூர்த்த மாதத்தில் ஆர்டர் நெருக்கும், கூலி அதை நம்பித்தான் இருக்கிறது, தெரியாமல் சொல்லவில்லை. ஆனாலும் மாலை ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை தார் சுற்றப் பிள்ளையைக் கூப்பிட வேண்டாம். மாஸ்டர் வீவர்கள் தங்களிடம் வேலை செய்யும் குடும்பங்களுக்கு இதை ஒரு வார்த்தை சொன்னால், நாங்கள் நூறு முறை சொல்வதைவிட எடுபடும்.

அந்த ஒரு மணி நேரத்தில் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். பிள்ளை வாய்விட்டு வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்கலாம், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் போதும். வாசிப்பு இயக்கத்தில் அரசு கொடுத்த சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள். பள்ளியில் கேட்டு வாங்கி வாருங்கள். அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது அவரவர் இருக்கும் இடத்திலிருந்து சொல்லிக்கொடுக்கத்தான். "நீ இன்னும் அரும்புதானா?" என்று பக்கத்து வீட்டார் முன்னால் கேட்டால் அந்தப் பிள்ளை அப்புறம் வாயைத் திறக்காது. இதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

கல்லூரித் தம்பி தங்கைகளே, வாரத்தில் இரண்டு மாலை வாருங்கள். ஆளுக்கு மூன்று பிள்ளைகள் போதும், பத்துப் பேரைச் சேர்த்து டியூஷன் ஆக்கிவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை திரைலோக்கியநாதர் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். விஜயநகரக் காலத்தில் அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் கதையைப் படம் படமாக வரைந்து, கீழே இன்னது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் தேடி வந்து பார்க்கிற அந்தப் படங்களை நம் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். ஒரு படத்தைக் காட்டி, அதில் என்ன நடக்கிறது என்று வீட்டுக்கு வந்து நாலு வரி எழுதச் சொல்லுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும், சிவப்பு மை வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பள்ளி வளாகத்தில் கூடுகிறோம். எந்தத் தெருவில் யார் வீட்டுத் திண்ணை கிடைக்கும், எந்த மாலையில் யார் வர முடியும் என்பதை அன்றைக்கே பேசி முடிவு செய்யலாம். பணம் கேட்க மாட்டோம். மின்சாரம் போனால் வைத்துக்கொள்ள இரண்டு எமர்ஜென்சி விளக்கு யாராவது கொடுத்தால் நல்லது.

இப்படிக்கு,
திருப்பருத்திக்குன்றம் பெற்றோர்