சாமியார் எழுதிய பத்திரம்

ஓசூரில் டீ சொல்வதற்கே தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷை வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று வந்தால் மட்டும் மூன்று பாஷைக்காரர்களுக்கும் ஒரே வார்த்தைதான்: 'கான்வென்ட்'!

எதிர்வீட்டு நண்பருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. "ஃபாதர் ஸ்கூல்ல ஒரு சீட்டு கிடைச்சுட்டா போதும் சார். பையன் டை கட்டி, இங்கிலீஷ் பேசி, ஏ.ஸி. ரூம்ல உட்கார்ந்துடுவான். இந்த கிரீஸ் கை என்னோட போகட்டும்" என்றார்.

ஆசை நியாயமானதுதான். ஆனால் ஃபாதர் ஸ்கூலின் பூர்வ கதையே கிரீஸ் கையில்தான் ஆரம்பிக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

டான் பாஸ்கோ என்று போர்டு பார்த்திருப்பீர்கள். அது 1815-ல் இத்தாலியில் பிறந்த ஒரு விவசாயி மகனின் பெயர். அன்றைய டூரின் நகரம் ஏறக்குறைய நம்ம ஓசூர் மாதிரி. வேலை தேடிக் கிராமத்துப் பையன்கள் வந்து குவிந்தார்கள். முதலாளிகள் வேலையும் வாங்கினார்கள், முதுகிலும் வைத்தார்கள்.

சாமியார் பிரசங்கம் பண்ணிவிட்டுப் போகவில்லை. 1852-ல் ஒரு தச்சுப் பட்டறைக்காரரிடம் பத்திரம் எழுதிக் கையெழுத்து வாங்கினார். பையனுக்குத் தொழிலைக் கற்றுத்தர வேண்டும். தொழில் தவிர எடுபிடி வேலை கூடாது. தப்பு செய்தால் வாயால் கண்டிக்கலாம். கை நீளக் கூடாது. அடுத்த வருஷமே செருப்பு, தையல் பட்டறைகளைச் சொந்தமாகத் தொடங்கிவிட்டார். அவர் ஆரம்பித்த சலேசிய சபை 1906-ல் தஞ்சாவூருக்கு வந்தது. 1951-ல், கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துத் திருப்பத்தூரில், தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கியதும் இதே சபைதான்.

நம் நாட்டில் இப்போதுள்ள அப்ரென்டிஸ் சட்டம் வந்தது 1961-ல். சாமியார் நூறு வருஷம் முந்திக்கொண்டார்!

இந்தக் கதையை நண்பரிடம் சொல்லிக்கொண்டே பைக்கை எடுக்க ஒர்க்ஷாப்புக்குப் போனோம். அங்கே கற்றுக்குட்டிப் பையன் ஒருவன் ஸ்பேனரைத் தவறவிட்டான். மேஸ்திரியின் கை ஓங்கியது.

"வாயால சொல்லுப்பா, போதும்" என்று குறுக்கே போய் நின்றார் நண்பர்.

கிரீஸ் கைதான். அன்றைக்கு அதைக் குலுக்கத் தோன்றியது.