‘அண்ணை றைற்’ எழுதிய ரீசேட்டை யார் விற்பது?

வடமராட்சியின் கரவெட்டி தந்த கலைஞர்களில் கே. எஸ். பாலச்சந்திரனின் பெயரை எடுத்தால், ஐம்பது வயது தாண்டிய யாழ்ப்பாணத்தவர்களின் வாயில் உடனே வருவது ஒரே தொடர்தான்: “அண்ணை றைற்!” பஸ் நடத்துநராக மேடையில் தனியாளாய் நின்று, ஏறுகிறவர்களோடும் இறங்குகிறவர்களோடும் மல்லுக்கட்டி, ஒரு பஸ் நிறையச் சனத்தைக் குரலாலேயே கொண்டுவந்து நிறுத்திய தனிநடிப்பு அது. மேடையில் கைதட்டு வாங்கியது வானொலிக்குப் போனது. பிறகு கசற்றாக வீடுகளுக்குள் வந்தது. 1944 இல் பிறந்த பாலச்சந்திரன் பின்னாளில் கனடாவுக்குப் புலம்பெயர்ந்து 2014 இல் காலமானார். அவருடைய தொடர் ஊரில் இன்றைக்கும் புழங்குகிறது.

குரலை நம்பி நடக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு இதைவிடப் பெரிய சொத்துக் கிடையாது. கேட்டவர்கள் தாங்களாகவே எடுத்துத் தங்கள் பேச்சில் வைத்துக்கொண்ட வாசகம் அது. இன்றைக்குப் பொட்காஸ்ட் நடத்துகிறவர்கள் ரீசேட்டிலும் தேநீர்க் கோப்பையிலும் துணிப்பையிலும் அச்சடித்து விற்க ஆசைப்படுவதும் இப்படியான ஒன்றைத்தான். ஆசையில் தவறில்லை. குடாநாட்டிலிருந்து பேசுகிற இளைஞர்கள் அவசியம் செய்ய வேண்டிய வேலை இது. ஆனால் எதை அச்சடிப்பது, எங்கே அச்சடிப்பது, வருகிற பணம் யாருக்குப் போவது என்ற மூன்றையும் முதலிலேயே தீர்த்துக்கொள்ளாவிட்டால், மிஞ்சுவது விற்காத சட்டைப் பெட்டிகளும் மனக்கசப்பும்தான்.

ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தது. யூரியூப் அதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. ஒரு ஒலிவாங்கி, ஒரு கைத்தொலைபேசி, இரவில் நாய் குரைக்காத ஓர் அறை இருந்தால் நிகழ்ச்சி தொடங்கிவிடலாம். தொடர்ந்து நடத்துவதுதான் கடினம். ஒரு மணி நேரப் பேச்சைத் திருத்தி வெளியிட ஒரு முழு நாள் போய்விடும். இலங்கையில் தமிழில் கேட்கிறவர்களின் தொகை சிறியது. அந்தத் தொகைக்கு விளம்பரத்தால் வருவதும் சிறியது. எத்தனையோ நல்ல நிகழ்ச்சிகள் பத்து, பன்னிரண்டு அத்தியாயங்களோடு நின்றுபோவது பேச விடயம் இல்லாமல் அல்ல. செலவுக்குக் காசில்லை.

பழைய வானொலிக்கு இந்தக் கவலை வேறு வடிவத்தில் இருந்தது. கரவெட்டியின் குரல் வானொலியில் ஏறியது பாலச்சந்திரனோடு தொடங்கியதும் அல்ல. அதே ஊரவரான கா. சிவத்தம்பி பேராசிரியராவதற்கு முன்பே, இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’ வானொலி நாடகத்தில் விதானையாராக நடித்தவர். பிறகு இலங்கை வானொலி வர்த்தக சேவையின் காலம் வந்தது. சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ மக்கள் வங்கியின் அனுசரணையில் ஒலிபரப்பானது. பாலச்சந்திரன் அதிலும் நடித்தார். கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள், கடிதம் எழுதினார்கள். காசு கொடுத்தது வங்கி. நேயரின் அன்பு கலைஞரின் கைக்குப் பணமாக வந்து சேர வழியே இருக்கவில்லை. அனுசரணையாளர் கையை எடுத்தால் நிகழ்ச்சியும் நின்றுவிடும் என்ற நிலையில்தான் அந்தப் பொற்காலம் நடந்தது.

இதற்கு நேர்மாறான வழியைக் காட்டியவர் டொமினிக் ஜீவா. 1966 இல் தொடங்கிய ‘மல்லிகை’ இதழைத் தெருத்தெருவாகக் கையில் கொண்டுபோய் விற்றவர் அவர். வாசகரின் காசு நேராக இதழுக்கு வந்தது. பிறகு அதே பெயரின் நிழலில் ‘மல்லிகைப் பந்தல்’ என்ற பதிப்பகத்தை நடத்திப் புத்தகங்களை வெளியிட்டார். ஓர் இதழ் சேர்த்துவைத்த நம்பிக்கையின் மேல் இன்னொரு பொருளை விற்பது என்பதை யாழ்ப்பாணம் அமெரிக்காவிடமிருந்து கற்க வேண்டியதில்லை. ‘கலையை வியாபாரமாக்குகிறார்கள்’ என்று முகம் சுளிக்கிறவர்கள் ஜீவாவை ஒருதரம் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் இதழைக் கூவி விற்றதால் ஈழத்து இலக்கியத்தின் மதிப்புக் குறையவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓர் இதழ் உயிரோடு இருந்தது.

வெளியுலகின் உதாரணங்களையும் பார்க்கலாம். 2012 இல் தொடங்கிய ‘வெல்கம் டு நைட் வேல்’ என்ற அமெரிக்கக் கற்பனைத் தொடர் ஆரம்ப ஆண்டுகளில் விளம்பரம் இல்லாமலே நடந்தது. நேயர்களின் நன்கொடையும் ரீசேட்டும் மேடைக் காட்சிகளும்தான் அதைத் தாங்கின. கட்டட வடிவமைப்பு முதலான விடயங்களைப் பேசும் ‘99 பேர்சன்ட் இன்விசிபிள்’ நிகழ்ச்சி தன் ஆதரவாளர்களுக்கென ஓர் உலோக நாணயத்தை வார்த்தது. அதற்கு எந்தப் பயன்பாடும் கிடையாது, கடையில் கொடுத்து மிட்டாய்கூட வாங்க முடியாது. ஆனாலும் சனம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தது. அந்த நிகழ்ச்சியும் அதன் கூட்டாளி நிகழ்ச்சிகளும் சேர்ந்து 2014 இல் நேயர்களிடம் திரட்டிய தொகை 6 இலட்சம் டொலருக்கு மேல்.

இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். நேயர் வாங்குவது துணியை அல்ல, ‘நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன்’ என்று சொல்லும் உரிமையை. அதனால்தான் நிகழ்ச்சியின் பெயரையும் ஒலிவாங்கிப் படத்தையும் போட்ட சட்டை விற்பதில்லை. அந்த இலட்சினை நடத்துகிறவருக்குத்தான் முக்கியம். 2020 செப்டெம்பரில் தமிழ்நாட்டில் ‘இந்தி தெரியாது போடா’ என்ற வாசகம் ரீசேட்டில் ஏறிய வேகத்தை நினைத்துப் பாருங்கள். யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் சிரிஷும் வாசகம் எழுதிய சட்டைகளோடு நின்ற படம் வெளிவந்த சில நாட்களுக்குள் திருப்பூருக்கு ஓடர்கள் குவிந்தன. அங்கே எந்த நிறுவனத்தின் இலட்சினையும் வேலை செய்யவில்லை. சனத்தின் நாக்கில் இருந்தது சட்டையில் ஏறியது, அவ்வளவுதான்.

ஆகவே பொட்காஸ்ட் நடத்துகிறவர் முதலில் கடைக்குப் போகக் கூடாது. கேட்கிறவர்களின் பின்னூட்டங்களைப் படிக்க வேண்டும். தான் சொன்ன எந்த வாக்கியத்தை அவர்கள் திரும்பச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அப்படி ஒன்று இன்னும் பிறக்கவில்லை என்றால் அச்சடிக்கும் காலமும் இன்னும் வரவில்லை.

வாசகம் கிடைத்துவிட்டால் அச்சு. இங்கேதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஸ்கிரீன் பிரிண்ட் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சட்டம் தயாரிக்க வேண்டும். பத்துச் சட்டை அடித்தாலும் ஐந்நூறு அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றே. எனவே அச்சகத்தார் ‘கூட அடித்தால் மலிவு’ என்பார். அது உண்மையும்கூட. அந்த உண்மையை நம்பி இருநூறு சட்டை அடித்தவரின் வீட்டில் நடுத்தர அளவுகள் முதல் கிழமையிலேயே முடிந்துபோக, மிகச் சிறியதும் மிகப் பெரியதும் வருடக்கணக்கில் அலுமாரியை அடைத்துக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து முற்பதிவு. இரண்டு கிழமை அவகாசம் கொடுத்து, அளவையும் முற்பணத்தையும் வாங்கிக்கொண்டு, வந்த எண்ணிக்கைக்கு மட்டும் அடிக்க வேண்டும். நாற்பது பேர் வந்தால் நாற்பது. நிறத்தை ஒன்றாகவே வைத்தால் செலவும் அடங்கும். பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுவிழாவுக்கும் கிரிக்கெட் பெருஞ்சமருக்கும் சட்டை அடிக்கிறபோது இந்தக் கணக்கைத்தான் செய்கின்றன. நெல்லியடிச் சந்தியைச் சுற்றி இந்த வேலை தெரிந்தவர்களைத் தேடினால் கிடைப்பார்கள்.

தமிழ் எழுத்துக்கென்று தனியாக ஒரு ஆபத்து உண்டு. வடிவமைப்பு மென்பொருள் தமிழைச் சரியாகக் கையாளாவிட்டால் கொம்பு எழுத்தை விட்டு விலகி நிற்கும், ‘கொ’ இரண்டாக உடையும், புள்ளி பக்கத்து எழுத்தில் ஏறும். கணினித் திரையில் சரியாக இருந்தது அச்சகத்தின் கணினியில் உடைந்துபோவது வழக்கம். கோப்பினை அனுப்புவதற்கு முன் எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. எழுத்துருவுக்கும் உரிமை உண்டு என்பதைப் பலர் மறக்கிறார்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிமம் கொண்ட எழுத்துருக்களை வணிகத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். தமிழில் பேசிப் பெயர் வாங்கிய ஒரு நிகழ்ச்சி உடைந்த தமிழைச் சட்டையில் போட்டு விற்பது மன்னிக்கக்கூடிய பிழை அல்ல.

ரீசேட் ஒன்றுதான் வழியா? வடமராட்சிக்காரர் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். பனையோலையில் பெட்டியும் கடகமும் இழைக்கிற கைகள் இந்த மண்ணில் இன்னும் இருக்கின்றன. பனை அபிவிருத்திச் சபை 1978 இலிருந்து இயங்குகிறது. ஒரு பனங்கட்டிக் குட்டானைச் சிறு ஓலைப் பெட்டியில் வைத்து, நிகழ்ச்சியின் வாசகத்தை ஒரு அட்டையில் அச்சிட்டுக் கட்டிக் கொடுத்தால், அது உலகின் எந்தப் பொட்காஸ்டும் கொடுக்க முடியாத பொருள். எங்கோ ஒரு தொழிற்சாலையிலிருந்து வருகிற வெள்ளைக் கோப்பையில் படம் ஒட்டிக் கொடுப்பதை எல்லோரும் செய்கிறார்கள். ஊரைப் பற்றி மணிக்கணக்கில் உருகிப் பேசிவிட்டு, ஊரில் ஒருவருக்கும் ஒரு நாள் கூலிகூடக் கிடைக்காத பொருளை விற்பது அந்தப் பேச்சுக்கே பொருந்தாது.

வெளிநாட்டு நேயர் விடயம் வேறு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறவர்கள்தான் வாங்கும் வலுவுள்ளவர்கள். அவர்களுக்காகவே, ஓடர் வந்த பிறகு அச்சடித்து அனுப்பும் இணைய நிறுவனங்கள் இருக்கின்றன. சட்டை வாங்குகிறவரின் நாட்டிலோ பக்கத்திலோ அச்சாகி அவர் வீட்டுக்குப் போய்விடும். கையிருப்பும் இங்கிருந்து அனுப்பும் தபால் செலவும் இல்லை. ஆனால் விலையின் பெரும் பங்கு அந்த நிறுவனத்துக்கே போகும். கரவெட்டிக்கு வந்து சேருவது மிச்சம்தான். பேபால் வழியாகப் பணம் பெறுவது இலங்கையில் நீண்ட காலம் முடியாத காரியமாக இருந்ததால், அந்த மிச்சத்தை எடுக்கவே கனடாவில் ஒரு மச்சானின் கணக்கைத் தேட வேண்டியிருந்தது. இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் அதை ஒட்டிய விடுமுறையிலும் புலம்பெயர்ந்தவர்கள் ஊருக்கு வருகிறார்கள். பயணப் பொதியில் ஒடியலும் மிளகாய்த்தூளும் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இரண்டு சட்டை பாரமில்லை. விற்பனைக் காலத்தை ஆவணி மாதத்துக்குப் பொருத்திவைப்பதே புத்திசாலித்தனம்.

இனி உரிமை. ‘அண்ணை றைற்’ என்று எழுதிய சட்டையை நாளைக்கே ஒருவர் அடித்து விற்கலாமா? பாலச்சந்திரனுக்கு முன்பும் பஸ் நடத்துநர்கள் அப்படித்தான் கத்தினார்கள். அந்த இரண்டு சொற்கள் எவருடைய தனிச் சொத்தும் அல்ல. ஆனால் அவருடைய தனிநடிப்பின் பிரதி அப்படியல்ல. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமையைக் காக்கிறது. கணக்குப்படி 2084 வரை. அதிலிருந்து வசனங்களை எடுத்துப் போடுவதும், பதிவிலிருந்து குரலை வெட்டி விளம்பரத்தில் சேர்ப்பதும் அனுமதி கேட்க வேண்டிய காரியங்கள். அவருடைய முகத்தையும் பெயரையும் வைத்துச் சம்பாதிப்பதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடுவதற்கு முன்பே மனச்சாட்சி பதில் சொல்லிவிடும்: குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும், பங்கு கொடுக்க வேண்டும்.

தன் சொந்த நிகழ்ச்சியின் பெயரையும் காத்துக்கொள்ள வேண்டும். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதிவு செய்தால் பத்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு, பிறகு புதுப்பிக்கலாம். உடைகளுக்கு 25 ஆம் வகுப்பு, கோப்பைகளுக்கு 21, நிகழ்ச்சிக்கு 41 என்று பிரித்து விண்ணப்பிக்க வேண்டும். வகுப்புக்கு வகுப்புக் கட்டணம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யக் காசில்லாதவர் நிகழ்ச்சிக்குரிய வகுப்பையாவது முதலில் எடுத்துவைக்கட்டும். பெயர் புகழ் பெற்ற பிறகு வேறொருவர் முந்திக்கொண்டால் வழக்குச் செலவு பதிவுச் செலவைப் போலப் பல மடங்கு.

கேட்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிடித்த நிகழ்ச்சி ஒன்று முற்பதிவு அறிவித்தால், விருப்பக் குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒரு சட்டைக்கோ ஒரு ஓலைப் பெட்டிக்கோ முற்பணம் கட்டுங்கள். கட்டுவதற்கு முன், அது எங்கே அச்சாகிறது, யார் இழைத்தது, வாசகத்துக்கு உரியவருக்குப் பங்கு போகிறதா என்று மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.