லாக்கை அழித்தால் இடம் கிடைக்குமா?

தியாகதுருகத்தில் எந்த அரிசி மண்டிக்காவது போய், "பீரோவில் இடமில்லை, போன மாசக் கணக்கு நோட்டைக் கொளுத்திடுங்க" என்று சொன்னால் அடிக்க வருவார்கள். சொந்தமாக சர்வர் வைத்திருக்கும் சின்ன கம்பெனிகள் பலவற்றில் நடப்பது அதேதான். யார் உள்ளே வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று சர்வர் வரி வரியாக எழுதும் கணக்குதான் லாக் ஃபைல். டிஸ்க் 100% ஆனதும், "லாக் தானே, அழிச்சிடு!"

அழித்தால் இடமாவது வருமா? லினக்ஸில் ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் ஃபைலை அழித்தால் பெயர் மட்டும்தான் போகும். புரோகிராம் அதை மூடும்வரை இடம் திரும்பாது. 'டியூ' குறைத்துச் சொல்லும், 'டிஎஃப்' இன்னும் 100% என்று நிற்கும். குழம்பிப் போய் சர்வரையே ரீஸ்டார்ட் செய்வார்கள், இடம் வந்துவிடும். உடனே "பாத்தியா?" என்று ஒரு பெருமை வேறு :-)

இதற்கென்றே லாக்ரொடேட் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவைத்தவர்களும் தப்பவில்லை. உபுண்டுவில் அது வழக்கமாக வாரம் ஒரு ஃபைல் என்று நான்கு பழைய ஃபைல்களைத்தான் வைத்திருக்கும். செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவோ, வணிக நிறுவனங்களும் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. (கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் எடிட் லாக் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். பி.காம் மக்களுக்குத் தெரியாததா!)

நான்கை 26 ஆக்கினால் 182 நாள். 'கம்ப்ரெஸ்' என்று ஒரு வரி சேர்த்தால் ஃபைல்களும் நன்றாகச் சுருங்கிவிடும். இரண்டு வரி வேலை. அதைச் செய்யாத இடத்தில் எவனோ புகுந்தது இரண்டு மாசம் கழித்துத் தெரியவந்தால், எந்த வழியாக வந்தான் என்று சொல்லவேண்டிய ஃபைல் எப்போதோ போயிருக்கும்.