டேப் மட்டும் போதுமா?



கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கும்போது உயரம், எடை, 50 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாண்டுவது, இந்த நாலையும் அளந்து எழுதுறாங்க. அந்த பாரத்தில் பந்துக்கு ஒரு கட்டம் கூட கிடையாது! கால்பந்துக்கு ஆள் எடுக்கிற பாரத்தில் பந்து இல்லை என்றால் அது என்ன பாரம்? இதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அளக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோல்போஸ்ட் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அதில் நிற்கிற கோல்கீப்பருக்கு கை எட்டணும். வாலிபாலில் பெண்களுக்கு நெட் 2.24 மீட்டர், பாஸ்கெட்பால் வளையம் 3.05 மீட்டர் உயரத்தில். அங்கெல்லாம் உயரமானவளுக்கு லாபம்தான், அதை மறுக்க முடியாது. கபடியில் எடைக்கு வரம்பே வச்சிருக்காங்க. ஆனா அது ஆளைக் கழிக்க இல்லை, ஒல்லியான பிள்ளையை குண்டுப் பிள்ளை அமுக்கிடக் கூடாதுன்னு. அது நியாயமான அளவு.

கால்பந்தில் பந்து பெரும்பாலும் தரையில்தானே ஓடுது? மரடோனா 165 செ.மீ. நம்ம சுனில் சேத்ரி 170 செ.மீ., இந்தியாவுக்காக 90 கோலுக்கு மேல போட்டவர். பின்களத்தில் நிற்பவர் பனைமரம் மாதிரி இருக்கணும்னு பசங்க சொல்வாங்க. 2006-ல் உலகக் கோப்பை வாங்கிய இத்தாலி கேப்டன் கன்னவாரோ பின்கள ஆட்டக்காரர்தான், 176 செ.மீ. தான். மெஸ்ஸி கதை எல்லாருக்கும் தெரியும். வளர்ச்சி ஹார்மோன் குறைவு, 13 வயசில் 2000-ம் வருஷம் பார்சிலோனா போனார், மருந்துச் செலவை கிளப் ஏத்துக்கிச்சு. 2022-ல் உலகக் கோப்பையைத் தூக்கினார்.

"மெஸ்ஸி கோடியில் ஒருத்தர், நீ மெஸ்ஸியா?" என்று எங்க வகுப்புப் பசங்க கேட்கிறாங்க. சரியான கேள்விதான். ஜெயித்த குட்டை ஆளுங்க பேர் மட்டும்தான் நமக்குத் தெரியும், ஜெயிக்காதவங்க பேர் யாருக்குத் தெரியும்? அதனால் மெஸ்ஸியை மட்டும் வச்சு நான் வாதாடவில்லை. என் முக்கியமான காரணம் வேற.

பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 11, 12 வயசில் சட்டுனு வளருவோம். பையன்கள் அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு. ஆனா எல்லாரும் ஒரே நேரத்தில் வளர மாட்டோம். ஒருத்தி ஆறாம் வகுப்பில் வளர்ந்து முடிச்சிருப்பா, இன்னொருத்தி ஒன்பதாம் வகுப்பில்தான் ஆரம்பிப்பா. 13 வயசில் டேப்பை வச்சா அது அவள் எவ்வளவு வளருவாள் என்று சொல்லாது, எப்போ வளர்ந்தாள் என்று மட்டும்தான் சொல்லும்! பிறந்த மாசமும் இதில் இருக்கு. ஜனவரி 1-ஐ வச்சு வயசு பிரிச்சா ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே பிரிவு. கிட்டத்தட்ட ஒரு வருஷ சாப்பாடு வித்தியாசம். கனடாவில் ஐஸ் ஹாக்கி அணிகளில் வருஷத்தின் முதல் மூணு மாசத்தில் பிறந்தவங்களே அதிகமாக இருப்பதை 1980-களில் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க. டிசம்பரில் பிறந்தவங்களுக்கு கால் இல்லையா என்ன!

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் வேற ஆட்டம், பந்தை கையில் தூக்கிட்டு ஓடுவாங்க. அங்கே அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகப் பொறுக்கி எடுப்பாங்க. அதுக்கு முன்னால உயரம், எடை, கை நீளம், 40 கஜ ஓட்டம் எல்லாம் அளப்பாங்க. டாம் பிரேடி என்பவர் 2000-ல் அந்த ஓட்டத்தை 5.28 விநாடியில் ஓடினார். ரொம்ப மெதுவாம். 198 பேரை எடுத்த பிறகு 199-வதாகத்தான் அவரை எடுத்தாங்க. அவர் அப்புறம் ஏழு முறை சாம்பியன் ஆனார். யாருக்கு எப்போ பந்தைக் கொடுக்கணும் என்பதுதான் அவர் வேலை. அதை ஸ்டாப்வாட்ச் எப்படி அளக்கும்?

நம்ம பக்கத்து ஊர் கடலூரிலிருந்து இந்திய அணிக்குப் போன இந்துமதி கதிரேசன் அக்காவும் நடுக்களத்தில் ஆடுபவர்தான். நாலு பக்கமும் பார்த்துப் பந்தைப் பிரிச்சுக் கொடுக்கிற இடம் அது. 2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்து முதல் முறையாக சீனியர் தேசியப் பட்டம் வாங்கியது. மணிப்பூர் எவ்வளவு பெரிய அணி என்று கால்பந்து பார்க்கிறவங்களுக்குத் தெரியும்.

என் வகுப்பில் ஒருத்தி இருக்கா. பேர் சொல்ல மாட்டேன், அவளுக்குப் பிடிக்காது. போன வருஷம் ஒரு தேர்வு முகாமில் எடை மிஷினில் ஏற்றி இறக்கி, "அடுத்த வருஷம் வாம்மா" என்று அனுப்பிட்டாங்க. பந்தைத் தொடக்கூட இல்லை. சுண்ணாம்பாறு பக்கம் நாங்க விளையாடும்போது நான் வெளியே உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். அரை மணி நேரத்தில் அவள் பந்தை எதிரியிடம் விட்டது மூணே தடவை. எங்களில் உயரமானவள் பதினொரு தடவை. (அவள் என் தோழிதான், கோபிக்க மாட்டாள்.) பந்து வருவதற்கு முன்னாலேயே தோளைத் திருப்பிப் பார்த்துக்கிறா, அதான் ரகசியம்.

எடை விஷயத்தில் இன்னொன்று சொல்லணும். நம்மில் எத்தனை பேர் காலையில் வெறும் டீயைக் குடிச்சிட்டு வரோம்? விடியற்காலையில் வேலைக்குப் போற அம்மாவால் இட்லி ஊத்திட்டா போக முடியும்? எடை குறைவு என்று ஒருத்தியைக் கழிச்சா, அவள் ஆட்டத்தையா கழிக்கிறோம், அவள் வீட்டுச் சாப்பாட்டையா? எடை குறைந்தவளுக்கு ரெண்டு முட்டை சேர்த்துக் கொடுக்கணும். வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

"மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது" என்று சொல்லி முதுகில் தட்டிக் கொடுக்கிறாங்க. பழமொழி வேண்டாம், பந்து கொடுங்க!

பி.டி. சாருக்கு என் வேண்டுகோள் இதுதான். காலாண்டு லீவு முடிந்து நம்ம பள்ளி அணிக்கு ஆள் எடுக்கும்போது, முதலில் எங்களை அஞ்சு அஞ்சு பேராகப் பிரிச்சு அரை மணி நேரம் ஆட விடுங்க. அப்புறம் டேப்பை எடுங்க. கோல்கீப்பருக்கு மட்டும் உயரத்தை முதலில் பாருங்க, நாங்க யாரும் சண்டைக்கு வர மாட்டோம். அளந்ததை அன்றைக்கே முடிவாக எடுக்காமல் ஆறு மாசம் கழிச்சு மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுங்க. பாரத்தில் புதுசாக ரெண்டு கட்டம் வேணும்: பந்தை எத்தனை தடவை விட்டாள், எத்தனை தடவை சரியாகக் கொடுத்தாள். கோடு போட்டு எண்ண ஒன்பதாம் வகுப்பிலிருந்து நாலு பேர் வரோம். சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் எங்களுடையது. ரெண்டு பந்துக்கும் காற்று இறங்கிடுச்சு, பம்பு மட்டும் சார் வாங்கித் தரணும்.