களை கைவினையாகலாம், பயிராகலாகாது

கேளம்பாக்கம் முதல் செங்கல்பட்டு வரை தரிசு கிடக்கும் நிலங்களில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதை வேரோடு அகற்ற வேண்டும் என்றால், "விறகாகிறது, கரியாகிறது, ஏழைக்குப் பிழைப்பாகிறது, ஏன் அழிக்க வேண்டும்?" என்ற மறுமொழி உடனே எழுகிறது. அண்மைக் காலமாக இவ்வாதம் புதுக்கோலம் பூண்டுள்ளது. களையைக் கலைப்பொருளாக்கினால் போதும், அது செல்வமாகிவிடும் என்கின்றனர்.

இச்செடிகள் இந்நாட்டுக்குள் எவ்வாறு வந்தன என்பதை எண்ணிப் பார்ப்போம். உண்ணிச்செடி தோட்டத்திற்கு அழகு என்று கொணரப்பட்டது. ஆகாயத்தாமரை அதன் ஊதா மலருக்காக வந்தது. சீமைக் கருவேலம் விறகுத் தேவைக்காக 1877இல் விதைக்கப்பட்டது. அழகும் பயனுமே அன்று அவற்றுக்கு வாயில் திறந்தன. அவ்வாயிலையே மீண்டும் திறந்து வைத்து, அவை வெளியேறும் என்று எதிர்பார்ப்பது அறிவுடைமையா?

கைவினையே கூடாது என்பதன்று நம் வாதம். மாமல்லபுரத்துப் பாறையில் பல்லவச் சிற்பிகள் யானைகளைச் செதுக்கினர். இன்று நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் பழங்குடி மக்கள் உண்ணிச்செடியின் தண்டுகளை வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புச் சட்டத்தின்மேல் வளைத்து, உயிருள்ள யானையின் அளவிலேயே உருவங்கள் செய்கின்றனர். 2021இல் இத்தகைய யானைகள் இலண்டன் பூங்காக்களில் நின்றன; 2024இல் இத்தகைய நூறு யானைகள் அமெரிக்காவுக்குச் சென்றன. காட்டில் புல்லை நெரிக்கும் புதர் குறைகிறது. உழைத்தவர் கைக்குக் கூலி சேர்கிறது. போற்றத்தக்க பணியே.

ஆயினும், தேவை பெருகப் பெருக வேரை விட்டுத் தண்டை மட்டும் அறுக்கும் ஆசை எங்கும் எழக்கூடும். வெட்டிய இடத்தில் உண்ணிச்செடி மீண்டும் தழைக்கும். அப்போது களை பயிராகிவிடும். களை தீர்ந்தால் கைவினைஞர் பிழைப்பு என்னாகும் என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வியே. வேரைப் பிடுங்கவும், நாட்டு மரங்களை நடவும், புல்வெளியை மீட்கவும் ஆண்டுக்கணக்கில் ஆட்கள் வேண்டும். அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்கத் தமிழக அரசு 2022இல் கொள்கை வகுத்துள்ளது. கூலியைக் களையோடு பிணைக்காமல், மீளும் நிலத்தோடு பிணைப்பதே அம்மக்களுக்குச் செய்யும் நீதி.

கழிவுப் பொருளுக்கும் இதுவே அளவுகோல். நெகிழிப் புட்டியைப் பூவாக்கினால், அப்பூ நாளை மீண்டும் குப்பையாகும். ஒருமுறை பயன்படும் நெகிழிக்கு 2019 சனவரி முதல் நாள் தமிழகம் தடை விதித்தது. வாங்காதிருப்பதே முதற்பணி என்பதே அதன் பொருள்.

ஆகவே, இத்தகைய பொருளை விலைக்கு வாங்கும்முன் ஒன்று கேட்போம்: இதனால் எவ்வளவு நிலம் மீண்டது? மூலப்பொருள் தீர்ந்துபோவதையே வெற்றியாகக் கொள்ளும் தொழிலுக்கே நம் ஆதரவு உரியது.