வதந்தியும் ஒரு நோய்தான்!



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போயிருக்கிறீர்களா? ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக ஓடும். செல்போனும் காரும் செய்கிற அக்காக்களும் அண்ணன்களும் அவற்றில் போவார்கள். சொந்த ஊரை விட்டு வந்து விடுதியில் தங்கியிருப்பவர்கள் அவர்களில் நிறைய பேர்.

2021 டிசம்பரில் இங்கே ஒரு சம்பவம் நடந்தது. பாக்ஸ்கான் செல்போன் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் பலருக்கு, பூந்தமல்லி அருகே அவர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பிட்ட உணவு நஞ்சாகிவிட்டது. வாந்தி, வயிற்றுப்போக்கு. 159 பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

அவர்கள் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்ற சரியான தகவல் தோழிகளுக்குக் கிடைக்கவில்லை. அதற்குள், ‘சிலர் இறந்துவிட்டார்களாம்’ என்ற பேச்சு காட்டுத்தீயாகப் பரவியது. டிசம்பர் 17 இரவு, சக தொழிலாளிப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். போராட்டம் மறுநாளும் தொடர்ந்தது. உண்மையில் யாரும் இறக்கவில்லை!

அந்த அக்காக்களைக் குறை சொல்லலாமா? கூடாது. பக்கத்தில் படுத்திருந்த தோழியைக் காணோம். கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. நாமாக இருந்தாலும் பதறித்தான் போவோம். அவர்களுடைய மனக்குறையிலும் உண்மை இருந்தது. சில விடுதி அறைகளும் சாப்பாட்டுக் கூடங்களும் சரியான தரத்தில் இல்லை என்று, அங்கே செல்போன் செய்து வாங்கும் ஆப்பிள் நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது.

ஒரே இடத்தில் பலருக்கு ஒரே நேரத்தில் உடம்பு கெட்டால், அதை டாக்டர் ஒருவரால் மட்டும் சமாளிக்க முடியாது. நோயாளிகளை ஆம்புலன்ஸ் கொண்டுபோக வேண்டும். யார், எப்போது, என்ன சாப்பிட்டார்கள் என்று சுகாதார ஆய்வாளர் பட்டியல் எடுக்க வேண்டும். உணவையும் தண்ணீரையும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ‘இத்தனை பேர் இந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள், இப்படி இருக்கிறார்கள்’ என்று உறவினருக்கும் தோழிகளுக்கும் உடனுக்குடன் சொல்ல ஒருவர் வேண்டும். இந்தக் கடைசி வேலை சின்னதாகத் தெரியும். அதை விட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே பார்த்தோமே!

கோயில் தேர் எப்படி நகர்கிறது? வடம் பிடிப்பவர்கள் ஒன்றாக இழுக்க வேண்டும். முட்டுக்கட்டை போடுபவர் சரியான நேரத்தில் போட வேண்டும். ஒருவர் தன் வேலையை மறந்தாலும் தேர் தடுமாறும். ஆபத்து நேரமும் அப்படித்தான். யாருக்கு என்ன வேலை என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, பழகிப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் ஒத்திகை நடத்துகிறார்கள். பள்ளியில் ஒத்திகை நடந்தால் சிரித்து விளையாடாமல் கவனியுங்கள்.

நீங்களும் உதவலாம், குட்டீஸ்! பள்ளியில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் வாந்தி வந்தால் உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். மீதமிருக்கும் சாப்பாட்டை யாரும் தொட வேண்டாம், கொட்டவும் வேண்டாம். காரணத்தைக் கண்டுபிடிக்க அது உதவும். தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அந்த எண்ணைத் தம்பி தங்கைக்கும் சொல்லிக் கொடுங்கள். எந்த ஊர், எந்தத் தெரு, பக்கத்தில் என்ன அடையாளம், எத்தனை பேருக்கு உடம்பு சரியில்லை என்று பதறாமல் சொல்லப் பழகுங்கள்.

இன்னொன்று. ‘இறந்துவிட்டார்களாம்’, ‘பரவுகிறதாம்’ என்று போனில் செய்தி வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். ‘யார் சொன்னது? நேரில் பார்த்தது யார்?’ என்று கேளுங்கள். அந்த ‘ஆம்’ உங்களோடு நின்றுபோகட்டும்!

அன்புடன்,
ஆசிரியர்